குறைகதிர் வெட்டுவரைவு (காது மூக்குத் தொண்டை மருத்துவம்)

குறைகதிர் வெட்டுவரைவு என்பது நோயறிதலுக்குத் தேவையான தெளிவு குன்றாமல், இயன்றவரை குறைந்த எக்சு-கதிர் அளவில் உடலின் குறுக்குவெட்டுப் படங்களைப் பெறும் முறை ஆகும். காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தில் இதற்குக் குறைகதிர் அமைப்பில் இயக்கப்படும் சுருள்முறை சி.டி., கூம்புக்கற்றை சி.டி. ஆகிய இரண்டும் பயன்படுகின்றன. எது ஏற்றது என்பதைக் கதிரளவு மட்டுமன்றி, அறிய வேண்டிய நோயும் தீர்மானிக்கிறது.

இயங்கும் முறை

சி.டி. முறையை உருவாக்கியமைக்காக ஆலன் கார்மாக், காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு ஆகியோர் 1979-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர். சுருள்முறையில், படுத்திருக்கும் நோயாளி மெல்ல நகர்த்தப்பட, விசிறி வடிவக் கதிர்க்கற்றை அவரைப் பலமுறை சுற்றுகிறது. கூம்புக்கற்றை முறையில் கூம்பு வடிவக் கற்றையும் தட்டையான உணரியும் பெரும்பாலும் ஒரேயொரு முறை தலையைச் சுற்றுகின்றன. இம்முறை 1990களின் பிற்பகுதியில் பல், தாடை மருத்துவத்தில் அறிமுகமானது.

கதிரளவு

மூக்கையொட்டிய காற்றறைகளுக்கான (சைனஸ்) வழமையான சி.டி. ஏறத்தாழ 0.5 முதல் 1 மில்லிசீவர்ட்டு வரை கதிரளவு தரும். கூம்புக்கற்றையில் இது பெரும்பாலும் 0.05 முதல் 0.2 வரை அமையும். எனினும் புதிய சுருள்முறைக் கருவிகளைக் குறைகதிர் அமைப்பில் இயக்கினால் 0.1 மில்லிசீவர்ட்டு அளவிலேயே படமெடுக்கலாம். எனவே கூம்புக்கற்றையே எப்போதும் குறைந்த கதிரளவு தரும் என்பது சரியன்று. ஒப்புநோக்க, இயற்கைக் கதிரியக்கத்தால் ஒருவர் ஓராண்டில் பெறும் அளவு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட்டு ஆகும்.

நிறை குறைகள்

கூம்புக்கற்றை, அங்கவடி எலும்பு போன்ற நுண்ணிய எலும்புகளையும், செவிநத்தையினுள் பொருத்தப்பட்ட மின்முனைகளையும் தெளிவாகக் காட்டும். ஆனால் படமெடுக்க 10 முதல் 40 நொடிகள் ஆகலாம். அதற்குள் தலை அசைந்தால் படம் கெடும். அசையாதிருக்க இயலாத சிறு குழந்தைகளுக்கு விரைவான சுருள்முறையே பொருந்தும். மென்திசுக்களை வேறுபடுத்திக் காட்டுவதிலும் கூம்புக்கற்றை பின்தங்குகிறது.

பல்லும் காற்றறையும்

மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னக் காற்றறையின் அடித்தளத்தை ஒட்டியுள்ளன. ஆகவே பல்வேரின் சீழ் காற்றறை அழற்சியாக மாறக்கூடும். ஒருபக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்துடன் சளி வடிதல் இதன் அறிகுறிகளுள் ஒன்று. இந்நிலையில் கூம்புக்கற்றைப் படம் பல்லையும் காற்றறையையும் ஒருங்கே காட்டும். சென்னையின் மேற்கே வேலப்பன்சாவடியிலுள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களில் பயிலும் பல் மருத்துவர்களும், காது மூக்குத் தொண்டை மருத்துவர்களும் இணைந்து கவனிக்க வேண்டிய நோய் இது. பல்லைக் கவனியாது மூக்கிற்கு மட்டும் மருத்துவம் செய்தால் நோய் மீண்டும் வரும்.

எல்லைகள்

கோவிட்-19 பரவலின்போது கரும்பூஞ்சை நோய் பெருகியதால், தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில் அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. மூக்கிலிருந்து கண்குழிக்கும் மூளைக்கும் பரவும் இந்நோயின் பரவலை மதிப்பிடக் கூம்புக்கற்றைப் படம் போதாது, சாயமூட்டிய எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. தேவை. நோயைத் தவறவிடும் படம், கதிரளவு எவ்வளவு குறைவாயினும், பயனற்றது. மறுபடியும் படமெடுக்க நேர்ந்தால் மொத்தக் கதிரளவும் கூடிவிடும்.