ஊதியம் பெறாத நிர்வாகிகள்

நமது சங்கங்களின் நிர்வாகக் குழுவில் அமர்வோர் ஊதியத்தை நாடி வருவதில்லை. ஆயினும் பொறுப்பு முழுவதும் அவர்களுடையதே. இத்தகைய பொறுப்பைச் செம்மையாக வகித்தால் எத்தகைய நன்மை விளையும் என்பதற்குச் சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் சான்றாகும்.

1917ல் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதியே அதன் வித்து. அதனை முன்னின்று நடத்திய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர். 1952ல் பிரதமர் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார்; 1954ல் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பெற்றது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் சிகிச்சையை ஏற்று நடத்தினர். அந்நிலையம் இன்றும் லாப நோக்கமற்ற தர்ம ஸ்தாபனமே.

இத்தகைய ஸ்தாபனத்தில் நிர்வாகிகளின் கடமை மூன்று. நன்கொடை திரட்டுவதும், அதற்குப் பைசா பாக்கியின்றிக் கணக்குக் காட்டுவதும் முதற் கடமை. தகுந்த வைத்தியர்களை நியமித்து, சிகிச்சை முறையை அவர்களிடமே விட்டுவிடுதல் இரண்டாவது. பணமில்லாதவருக்கும் கதவு திறந்திருக்கச் செய்தல் மூன்றாவது.

இம்மூன்றாவது தவறினால் மற்றவை வீண். மார்பில் கட்டி தோன்றியும், செலவுக்கு அஞ்சிச் சொல்லாதிருக்கும் தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்குக் காலதாமதமே யமன். ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி.

அங்கத்தினர்களே, அடுத்த பொதுக்கூட்டத்தில் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கையில் இதனை நினைவிற் கொள்ளுங்கள். கணக்கில் நேர்மையும் எளியவரிடம் பரிவும் ஒருங்கே உடையவரே அந்த நாற்காலிக்குத் தகுந்தவர்.