ஆண்களின் சோர்வும் நாளமில்லாச் சுரப்பிகளும்

சேர்வராயன் மலையில் உழைப்பென்பது பெரும்பாலும் காலின் உழைப்பு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், காப்பித் தோட்டத்தில் கவாத்து வெட்டுபவரும், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சார்த்தி மிளகு பறிப்பவரும், மூட்டையைத் தலையில் வைத்து மேடு ஏறுபவரும் அந்தி சாயும்போது களைத்துப்போவது இயற்கையே. உண்டு உறங்கி எழுந்தால் அக்களைப்பு பறந்துவிடும். நாம் இங்கு ஆராய முற்படுவது அப்படிப் பறந்துபோகாத களைப்பை. இரவெல்லாம் உறங்கியும் விடியலில் எழ முடியவில்லை, சென்ற ஆண்டுவரை எளிதாக ஏறிய மேடு இன்று மலைப்பாகத் தெரிகிறது, எதிலும் நாட்டமில்லை. இப்படி மாதக்கணக்கில் நீடிக்கும் சோர்வு அது.

இத்தகைய ஆடவருக்கு ஊரார் வழங்கும் பட்டம் 'சோம்பேறி'. வீட்டார் மதுவின்மீது பழி போடுவர். அவரோ பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் படித்து, தமக்கு 'நரம்புத் தளர்ச்சி' அல்லது 'ஆண்மைக் குறைவு' என்று தாமே முடிவு கட்டி, மாதம் ஒருமுறை விடுதி அறையில் முகாமிடும் வைத்தியரிடம் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு லேகியத்தோடு வீடு திரும்புவார். மூவர் தீர்ப்பிலும் இடம்பெறாத ஒன்று உண்டு. அதுதான் சுரப்பிக் கோளாறு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். எல்லாச் சோர்வும் சுரப்பியால் வருவதன்று. இரத்த சோகை, காச நோய், குடற்புழு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை நோய், மனச்சோர்வு ஆகியவையும் மனிதனைச் சாய்க்கும். சர்க்கரை நோயும் அப்படித்தான். இன்சுலினும் ஒரு ஹார்மோனே என்பதால் அது நம் தலைப்புக்கு உறவுதான். ஆயினும் அதைப்பற்றி நாடே பேசுகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடிச் சென்று சர்க்கரை மாத்திரை கொடுக்கிறது. எனவே அதிகம் பேசப்படாத மற்றச் சுரப்பிகளுக்கு வருவோம்.

நாளங்கள் வழியாக அல்லாமல் நேரே இரத்தத்தில் தம் சுரப்பைக் கலக்கும் உறுப்புகளே நாளமில்லாச் சுரப்பிகள். அவை அனுப்பும் வேதித் தூதுக்கு 'ஹார்மோன்' என்னும் பெயரை 1905-இல் ஆங்கிலேய அறிஞர் ஸ்டார்லிங் வழங்கினார். தூது குறைந்தால் வேலை நிற்கும். எந்தச் சுரப்பியின் தூது குறைந்தது என்று கண்டறிவதிலேதான் மருத்துவரின் திறமை இருக்கிறது.

ஆடவர் சோர்வு என்றதும் எல்லோர் நினைவும் டெஸ்டோஸ்டீரோனிடம் ஓடுகிறது. அதன் வரலாறு ஒரு சேவற்கூட்டில் தொடங்குகிறது. 1849-இல் ஜெர்மனியில் பெர்த்தோல்டு என்பவர் சேவல்களின் விரைகளை நீக்கினார். அவை கூவவில்லை, கொண்டையும் சுருங்கிற்று. விரையை வயிற்றறைக்குள் திரும்பப் பதித்த சேவல்களோ பழையபடி கூவின, சண்டையிட்டன. இதனினும் சுவையானது 1889-இல் நடந்தது. பிரெளன்-செக்கார் என்னும் புகழ்பெற்ற உடலியல் அறிஞர், தம் 72-ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தமக்குத்தாமே ஊசியில் ஏற்றிக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிவித்தார். ஐரோப்பா பரபரப்படைந்தது. ஆனால் அந்த நீர்ச்சாற்றில் ஹார்மோன் இருந்திருக்க வாய்ப்பே இல்லையென்று பிற்காலத்தார் கண்டனர். டெஸ்டோஸ்டீரோன் நீரில் எளிதில் கரையாது. அவர் உணர்ந்த இளமை நம்பிக்கையின் விளைவு. விடுதி வைத்தியரின் லேகியம் முதல் வாரத்தில் 'வேலை செய்வதும்' இவ்வாறே என்பது என் கருத்து. 1935-இல்தான் டெஸ்டோஸ்டீரோன் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டில் ஆய்வுக்கூடத்திலும் உருவாக்கப்பட்டது.

இந்த ஹார்மோன் உண்மையிலேயே குறைபவர் உண்டு. இளமையில் பொன்னுக்கு வீங்கி விரைகளைத் தாக்கியவர், விரை கீழிறங்காமல் பிறந்தவர், ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக அமைந்த கிளைன்ஃபெல்டர் நிலையினர் ஆகியோரிடம் விரையே பழுது. உடற்பருமன், நீடித்த மது, சர்க்கரை நோய் ஆகியவையும் குறைக்கும். சோர்வு மட்டும் இருந்தால் இதை ஐயுற வேண்டியதில்லை. பாலுணர்வு மங்குதல், விடியற்காலை விறைப்பு நின்றுபோதல், தாடி மீசை வளர்ச்சி குன்றுதல் ஆகியவையும் சேர்ந்திருந்தால்தான் ஐயம் வலுக்கும்.

சோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்த ஹார்மோன் காலையில் உயர்ந்து மாலையில் தாழ்வது. ஆகவே காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில், வெவ்வேறான இரண்டு நாட்களில் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு 30 கிலோமீட்டர் தொலைவு. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தோட்ட வேலையைப் பாதியில் விட்டு நண்பகல் பேருந்தில் இறங்கி, உண்டபின் மாலையில் இரத்தம் கொடுத்தால், நலமுள்ளவருக்கும் எண் குறைவாகக் காட்டக்கூடும். அந்த ஒரு சீட்டை வைத்து ஆயுள் முழுதும் ஊசி போடுவது கொடுமை. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 300 நானோகிராமுக்குக் கீழே என்பதைப் பல மருத்துவர்கள் எல்லையாகக் கொள்கின்றனர்.

இரண்டு முறையும் குறைந்திருந்து, அறிகுறிகளும் இருந்தால் சிகிச்சை உண்டு. இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை போடும் ஊசி, ஏறத்தாழ மூன்று மாதம் தாங்கும் ஊசி, தோலில் தடவும் களிம்பு என வகைகள் பல. சுரப்பு நின்றுபோன இளைஞருக்கு இது மறுவாழ்வே. ஆனால் முதுமையால் சற்றே குறைந்தவருக்கு? 65 வயது கடந்த 790 ஆடவரிடம் அமெரிக்காவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், பாலுணர்வு ஓரளவு மேம்பட்டது. சோர்வு மட்டும் குறிப்பிடத்தக்க அளவு தீரவில்லை. சோர்வைப் போக்கவே இதைத் தேடுபவர் சிந்திக்க வேண்டிய செய்தி. 2023-இல் வெளிவந்த, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற மற்றோர் ஆய்வு, மாரடைப்பும் பக்கவாதமும் இதனால் கூடவில்லை என்று ஆறுதல் அளித்தது. எனினும் இதயத் துடிப்புச் சீர்கேடும் நுரையீரல் இரத்தக் குழாய் அடைப்பும் சற்று மிகுந்தன. சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் தடிப்பதுண்டு. அதனால் அவ்வப்போது இரத்தச் சோதனை கட்டாயம்.

உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் நம் மாணவ நண்பர்கள் இதைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் வந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி 'போதும்' என்று விரைகளுக்குக் கட்டளையை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு அறவே நிற்கும். ஊசியை நிறுத்திய பின் சொந்தச் சுரப்பு மீளப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அந்தக் கட்டுடல் இளைஞரே முன் சொன்ன சோர்வுக்கு இரையாவார். பிள்ளைப்பேறு விரும்புபவருக்கு மருத்துவர் இந்த ஊசியைக் கொடுப்பதில்லை. சொந்தச் சுரப்பைத் தூண்டும் வேறு மருந்துகளை நாடுவர்.

அடுத்தது கழுத்திலுள்ள தைராய்டு. இது பெண்களின் நோய் என்ற எண்ணம் பரவியிருப்பதால் ஆண்களிடம் தப்பிவிடுகிறது. பெண்களுக்குப் பன்மடங்கு மிகுதி என்பது மெய்தான். ஆண்களுக்கு வராது என்பது பொய். தைராக்சின் குறைந்தால் உடல் கனக்கும், குரல் கரகரக்கும், மலம் கட்டும், தோல் வறளும், குளிர் தாங்காது. ஏற்காட்டில் மார்கழியில் கம்பளி போர்த்தியவரை யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார். சித்திரை நண்பகலிலும் ஒருவர் கம்பளியை விடவில்லை என்றால் அவரை டி.எஸ்.எச். சோதனைக்கு அனுப்புவது நலம். தைராக்சினுக்கு அயோடின் வேண்டும். மலை மண்ணில் மழை அதை அரித்துச் சென்றுவிடும் என்பதால்தான் இமயச் சாரலில் கழலை நோய் மலிந்திருந்தது. அங்கே காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கி டாக்டர் இராமலிங்கசுவாமி குழுவினர் நடத்திய ஆய்வு அயோடின் உப்பின் பயனை மெய்ப்பித்தது. கடலுப்பிலேயே அயோடின் உண்டென்று நம்மவர் எண்ணுவது தவறு. அதில் மிகச் சொற்பமே உண்டு.

இதன் சிகிச்சை எளிது, விலையும் மலிவு: நாள்தோறும் ஒரு தைராக்சின் மாத்திரை. ஆனால் காப்பி விளையும் மலையில் ஓர் எச்சரிக்கை தேவை. மாத்திரையோடு காப்பி குடித்தால் மருந்து குடலில் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. எழுந்ததும் தண்ணீரில் மாத்திரையை விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியைத் தொட வேண்டும். "மாத்திரை தின்கிறேன், குணமில்லை" என்பவரிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இனி வருவதே நம் வட்டாரத்திற்கு மிகவும் நெருங்கியது, பலரும் அறியாதது. மலையடிவாரத்திலும் சமவெளி வயல்களிலும் கண்ணாடி விரியன் தீண்டி, இரத்தம் உறையாமல், சிறுநீரகம் பழுதாகி, மருத்துவமனையில் பிழைத்து வந்தவர்கள் உண்டு. ஊரார் தெய்வச் செயல் என்று மகிழ்வர். சில மாதங்கள், சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து அவர் மெலிவார். ஏர் பிடித்த கை துவளும். எழுந்து நின்றால் தலை சுற்றும். வாரம் ஒருமுறை கூடச் சவரம் தேவைப்படாது. அக்குள் மயிர் உதிரும். விஷம் உடம்பில் தங்கிவிட்டது என்று மந்திரிப்பார்கள். தங்கியது விஷமன்று. கடியின்போது வீங்கியிருந்த பிட்யூட்டரிக்கு இரத்த ஓட்டம் தடைபட்டு அது மடிந்துபோனதே காரணம். பேறுகாலப் பெருங்குருதிப் போக்கால் பெண்களுக்கு இதே கதி நேர்வதை ஷீஹன் 1937-இல் விளக்கியிருந்தார். விரியன் கடியால் அது நேர்வதை இந்திய மருத்துவர்கள் 1976-இல் எழுதினர். 1987-இல் பர்மாவிலிருந்து வந்த விரிவான அறிக்கை உலகின் கவனத்தை ஈர்த்தது.

பிட்யூட்டரி தலைமைச் சுரப்பி. அது மடிந்தால் தைராய்டு, அட்ரினல், விரை மூன்றும் கட்டளையின்றி ஓய்ந்துவிடும். இங்கே டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அதைச் சுரப்பதே பிட்யூட்டரி என்பதால், எண் இயல்பாகவே காட்டலாம். தைராக்சினையும் காலைக் கார்டிசாலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிகிச்சையில் வரிசை உயிர் போன்றது. முதலில் ஹைட்ரோகார்டிசோன், பிறகே தைராக்சின், அதன்பின் டெஸ்டோஸ்டீரோன். வரிசை மாறித் தைராக்சினை முதலில் கொடுத்தால், இருக்கும் சொற்பக் கார்டிசாலும் விரைந்து செலவாகி, நோயாளி மயங்கிச் சாய்ந்துவிடலாம். எனவே நாள்பட்ட சோர்வோடு மருத்துவரிடம் செல்பவர், எத்தனை ஆண்டுக்கு முன் நடந்ததாயினும், பாம்புக் கடியைச் சொல்லியே ஆக வேண்டும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் அந்த ஒரு வாக்கியம் ஆராய்ச்சியின் திசையையே மாற்றிவிடும்.

கார்டிசால் குறைவுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. மூட்டு வலிக்கும் இழுப்புக்கும் பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. மாதக்கணக்கில் உண்டால் அட்ரினல் உறங்கிவிடும். பொடியைத் திடீரென நிறுத்தினால் கடுஞ்சோர்வும் வாந்தியும் வரும். காச நோய் அட்ரினலையே அரிப்பதும் நம் நாட்டில் உண்டு. ஹைட்ரோகார்டிசோன் உண்பவர் எவராயினும், காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்காக உடனே மருத்துவமனை சேர வேண்டும். இரவில் மலையிறங்க வாகனம் கிடைப்பது அரிது என்பதால், நோயின் பெயரையும் மருந்தின் அளவையும் எழுதிய அட்டை ஒன்று சட்டைப் பையில் இருப்பதும், வீட்டிலுள்ளோர் அது எங்கே இருக்கிறது என்று அறிந்திருப்பதும் அவசியம்.