கிராங்க் புல்லியை வீட்டிலேயே பொருத்துதல்

தோட்டப்புறங்களில் சொந்தமாகக் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் சாகாவும், 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த பெரோடுவா கன்சிலும் கைமாறிக் கைமாறித் தொழிலாளர் வீட்டு வாசல்களுக்கும் வந்து சேர்ந்தன. பழைய வாகனத்திற்குப் பழுது இயல்பே. பட்டறையோ தொலைவில் இருக்கும். கூலியோ கையைக் கடிக்கும். ஆகவே சிறு பழுதுகளை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துள்ளது. அவ்வகை வேலைகளுள் ஒன்றுதான் கிராங்க் புல்லியை மாற்றிப் பொருத்துவது. பார்வைக்கு எளிய வேலை. ஆயினும் ஒரே ஒரு போல்ட்டை இறுக்குவதில் நேரும் பிழை இயந்திரம் முழுவதையும் பாழாக்கக்கூடும்.

இயந்திரத்தின் பிஸ்டன்கள் மேலும் கீழும் இயங்குவதைச் சுழற்சியாக மாற்றித் தரும் கனத்த தண்டே கிராங்க் ஷாப்ட்டு. அதன் முன்முனையில் மாட்டப்பட்டுள்ள வட்டே கிராங்க் புல்லி. இதில் ஓடும் பெல்ட்டு, பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகிறது. குளிர்சாதனம் உள்ள வண்டிகளில் அதன் இயந்திரத்தையும், பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பையும் இயக்குவது இப்புல்லியே.

பல கார்களில் இந்தப் புல்லி ஒரே இரும்புத் துண்டன்று. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு கனத்த வளையம், இரண்டிற்கும் இடையே ரப்பர் என மூன்று பகுதிகள் உண்டு. சிலிண்டர்களில் எரிபொருள் வெடிக்குந்தோறும் கிராங்க் ஷாப்ட்டு மிகச் சிறிதளவு முறுக்கிக்கொண்டு மீள்கிறது. அந்த அதிர்வை ரப்பர் தாங்கித் தணிக்கிறது. நம் மங்கில் சேர்வது போன்ற பாலிலிருந்து உருவான இயற்கை ரப்பராகவும் அது இருக்கலாம். செயற்கை ரப்பராகவும் இருக்கலாம். எதுவாயினும் ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் இறுகி வெடிக்கும். எண்ணெய் பட்டால் பெரும்பாலான ரப்பர் ஊதி, வலுவிழக்கும். ஆதலின் புல்லியின் பின்புறமுள்ள ஆயில் சீல் கசிந்தால் அதை முதலில் மாற்றாமல் புதிய புல்லியை மாட்டுவது வீண்செலவாகும்.

இனி, பொருத்தும் முறையைக் காண்போம். காரைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். புல்லி இருக்கும் பக்கத்துச் சக்கரத்தைக் கழற்ற நேர்ந்தால், ஜாக்கியால் தூக்கிய பிறகு உறுதியான தாங்கியின் மேல் காரை அமர்த்துதல் இன்றியமையாதது. செங்கல்லையோ, பலாக்கட்டையையோ, ஜாக்கியை மட்டுமோ நம்பி எவரும் வண்டியின் அடியில் நுழையலாகாது. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

பழைய புல்லியின் போல்ட்டைக் கழற்றச் சிலர் ஒரு குறுக்குவழியைக் கையாள்கின்றனர். நீண்ட ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டி, அதன் பிடியைத் தரையிலோ சட்டத்திலோ முட்டுக்கொடுத்து, ஸ்டார்ட்டரை ஒரு முறை சுழற்றுவதே அது. ஸ்பேனர் தெறித்தால் எங்கே பாயும் என்று சொல்ல இயலாது. அன்றியும் எல்லா இயந்திரங்களும் ஒரே திசையில் சுழல்வதில்லை. பழைய ஹோண்டா கார்கள் பலவற்றின் இயந்திரம் மற்றவற்றிற்கு எதிர்த்திசையில் சுழலும். அவற்றில் இவ்வழி போல்ட்டைத் தளர்த்தாது, மேலும் இறுக்கிவிடும். இம்முறையை அறவே தவிர்த்தல் நலம்.

புல்லி கழன்றதும் தண்டின் முனையைத் துணியால் துடைத்துக் கூர்ந்து நோக்க வேண்டும். தண்டிலும் புல்லியிலும் நேருக்கு நேராக ஒரு பள்ளம் உண்டு. அதில் ‘கீ’ எனப்படும் சிறு இரும்புத் துண்டு அமரும். சிலவற்றில் அது பிறைவடிவில் இருக்கும். விரலால் அசைத்தால் அது ஆடக்கூடாது. பள்ளத்தின் ஓரங்கள் தேய்ந்து அகன்றிருந்தால் வேலையை அத்துடன் நிறுத்திவிட்டு, அனுபவமுள்ள மெக்கானிக்கை அழைப்பதே முறை.

இங்கேதான் பலரும் ஒரு செய்தியைத் தவறாக எண்ணிவிடுகின்றனர். புல்லியைத் தண்டோடு சேர்த்துச் சுழற்றுவது அந்தச் சிறு கீதான் என்பது அவர்கள் எண்ணம். அது சரியன்று. கீயின் பணி, புல்லி சரியான கோணத்தில் அமர்வதற்கு வழிகாட்டுவதே. உண்மையில் புல்லியைப் பிடித்து நிறுத்துவது நடுப் போல்ட்டின் இறுக்கம். அந்த இறுக்கம் குறைந்தால் புல்லி ஒவ்வொரு வெடிப்பிலும் முன்னும் பின்னுமாகச் சற்றே ஆடும். அந்த ஆட்டம் முழுவதையும் கீ ஏற்க நேரும். நாளடைவில் கீ நசுங்கும், பள்ளம் அகலும், டைமிங் பெல்ட்டை ஓட்டும் பற்சக்கரமும் அதே முனையில் இருந்தால் அதுவும் நிலைகுலையும். சில இயந்திரங்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

எனக்குத் தெரிந்த மரம் சீவும் நண்பர் ஒருவர், ஒரு சாண் நீள ஸ்பேனரால் தம் பலம் முழுவதையும் கொடுத்து இப்போல்ட்டை இறுக்கினார். இரண்டு மாதம் வண்டி ஒழுங்காகவே ஓடியது. பின்னர் முன்புறம் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. இயந்திரத்தின் உள்ளே கோளாறு என்று எண்ணிப் பல இடங்களைப் பிரித்துப் பார்த்த பின்னரே, புல்லி ஆடுவது தெரிய வந்தது. அதற்குள் தண்டின் பள்ளம் தேய்ந்து அகன்றுவிட்டது. புல்லியின் விலை சிறிது. கிராங்க் ஷாப்ட்டை மாற்ற இயந்திரத்தையே இறக்க வேண்டும்.

புதிய புல்லியைக் கீக்கு நேராகப் பிடித்துக் கையாலேயே உள்ளே தள்ள வேண்டும். ஆயில் சீலின் உதடு உரசும் குடப்பகுதியில் ஒரு துளி எண்ணெய் தடவலாம். அங்கே கீறல் இருத்தலாகாது. புல்லி இறுக்கமாக இருந்தால் சுத்தியலை எடுக்கக்கூடாது. அடி, உள்ளிருக்கும் பேரிங்குகளைத் தாக்கும். ரப்பரும் ஒட்டு விட்டுப்போகும். நெருப்பால் சூடேற்றுவதும் ரப்பருக்குப் பகை. அழுத்திப் பொருத்தும் வகைப் புல்லிக்கு, நீண்ட மரையாணியும் நட்டும் கொண்ட இழுப்புக் கருவி உண்டு. அதை இரவல் வாங்கியாவது பயன்படுத்த வேண்டும். போல்ட்டின் இரண்டு மூன்று மரைகளை மட்டும் பிடிக்கவைத்துப் புல்லியை உள்ளே இழுக்க முயன்றால் தண்டின் மரையே அறுந்துபோகும்.

அடுத்தது இறுக்குதல். மரம் சீவுவதில் கைதேர்ந்தவருக்குக் கத்தி எவ்வளவு ஆழம் செல்கிறது என்பது கைக்கே தெரியும். போல்ட்டின் இறுக்கத்தை எந்தக் கையும் அவ்வாறு அறியாது. டார்க் ரெஞ்ச் என்னும் அளவுகாட்டும் கருவி வேண்டும். ஒரு மீட்டர் நீளப் பிடியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் திருப்பு விசை ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர். பல கார்களின் நடுப் போல்ட்டு இதற்கும் மேற்பட்ட விசையைக் கேட்கும். நடுப் போல்ட்டைச் சூழ்ந்துள்ள சிறு போல்ட்டுகளுக்கோ மிகக் குறைந்த விசையே போதும். ஒரு வண்டியின் அளவு மற்றொன்றிற்கு ஆகாது. அவரவர் காரின் பழுதுபார்ப்புப் புத்தகத்தில் கண்ட எண்ணையே பின்பற்றுக. மரையில் எண்ணெய் தடவலாமா, போல்ட்டு ஒரே முறை பயன்படத்தக்கதா என்பனவும் அதில் இருக்கும்.

இறுக்கும்போது தண்டு சுழலாதிருக்கப் புல்லியைப் பிடிக்கும் தனிக் கருவியே சிறந்தது. அது கிடைக்காவிடில், கியரைக் கையால் மாற்றும் கார்களில் சக்கரத்தை மீண்டும் மாட்டி வண்டியைத் தரையில் இறக்க வேண்டும். மிக உயர்ந்த கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் நீண்ட இணைப்புத் தண்டைச் சக்கர வளைவின் வழியே செலுத்தி இறுக்கலாம். தாங்கியின் மேல் நிற்கும் காரில் இத்துணை பலத்தைக் காட்டுவது ஆபத்து. கியர் தானே மாறும் கார்களில் இவ்வழி பயன்படாது. குழாய் ரெஞ்ச்சால் புல்லியின் விளிம்பைக் கவ்விப் பிடிப்பதும் கூடாது.

முடிந்ததும் இயந்திரத்தை அது வழக்கமாகச் சுழலும் திசையில் ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்றுகள் மெல்லச் சுழற்றுக. விளிம்பு தள்ளாடாமல் ஓட வேண்டும். பெல்ட்டை மாட்டி, இரு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால், பல கார்களில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அமுங்கும். அதன் பின்னரே பேட்டரியை இணைத்து இயந்திரத்தை இயக்கலாம்; சட்டைக் கையும் கைலியும் பெல்ட்டின் அருகே செல்லாதபடி பார்த்துக்கொள்க.

இன்னும் ஒன்று. புல்லியின் குடத்திலிருந்து வெளிவளையம் வரை, ரப்பரைக் கடந்து, வெள்ளைச் சாயத்தால் ஒரு நேர்க்கோடு இழுத்து வையுங்கள். ஒரு மாதம் சென்று பார்க்கையில் கோடு முறிந்து விலகியிருந்தால், ரப்பர் நழுவிவிட்டது என்பது பொருள். வளையத்திலுள்ள டைமிங் குறியும் அப்போது பொய் சொல்லும். அந்தப் புல்லியை உடனே மாற்றிவிட வேண்டும்.