சுதந்திரமும் அதன் பொறுப்பும்

பிறருடைய வற்புறுத்தலுக்கு ஆட்படாமல் தன் வாழ்வு பற்றிய முடிவுகளைத் தானே எடுத்துக்கொள்ளும் நிலையே தனிமனித சுதந்திரம் எனப்படுகிறது. கட்டாயத்தின் பேரில் ஒரு செயலைச் செய்தவரை அச்செயலுக்கு முழுப் பொறுப்பாளி ஆக்க முடியாது என்பதால், பொறுப்பு என்பதே தெரிவு செய்யும் உரிமை இருக்கும் இடத்தில்தான் பிறக்கிறது. பொறுப்போடு நடப்பவர்க்கே உரிமை வழங்கப்படும் என்று அரசுகள் காலங்காலமாகச் சொல்லிவரும் வாதம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது.

ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் சுதந்திரத்தைப் பற்றி வெளியிட்ட நூலில், பிறருக்கு விளையும் தீங்கைத் தடுப்பதற்காக மட்டுமே ஒருவர்மீது சமூகம் தன் அதிகாரத்தைச் செலுத்தலாம் என்ற கோட்பாட்டை முன்வைத்தார். தானிய வணிகர்கள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்ற கருத்தை நாளிதழில் அச்சிடுவதைத் தடுக்கலாகாது. அதே கருத்தை ஒரு வணிகரின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்தின் முன் முழங்கினால் அது தண்டனைக்கு உரியதாகலாம் என்று அவர் விளக்கினார். கருத்து ஒன்றே ஆனாலும், அது சொல்லப்படும் சூழலும் உடனடியாக விளையக்கூடிய தீங்கும் பேசுபவரின் பொறுப்பை மாற்றிவிடுகின்றன. குடிபோதைக்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்ற மில், பணியில் இருக்கும் காவலரோ படைவீரரோ குடித்திருந்தால் தண்டிக்கலாம் என்றதற்கும், அவர்கள் பிறருக்காக ஏற்றுக்கொண்ட கடமை அங்கே தவறுகிறது என்பதே காரணம்.

இந்த எல்லையை எங்கே வகுப்பது என்ற வழக்கு, இந்திய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே எழுந்தது. பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் தன் எல்லைக்குள் நுழைவதை, பொது ஒழுங்கைக் காரணம் காட்டிச் சென்னை மாநில அரசு தடைசெய்தபோது, அத்தடை கருத்துரிமையை மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே நிறைவேறிய முதல் அரசமைப்புத் திருத்தம் பொது ஒழுங்கையும் கட்டுப்பாட்டுக்கான காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதே திருத்தம் 19(2)ஆம் பிரிவில் இணைத்தது. அந்த ஒற்றை நிபந்தனையால்தான், ஒரு தடை தேவையான அளவைத் தாண்டுகிறதா என்று இன்றும் நீதிமன்றம் ஆராய முடிகிறது.

குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் அரசமைப்பில் இடம்பெற்றது 1976இல், அதாவது நெருக்கடி நிலையின்போது இதழ்கள் தணிக்கைக்கு உள்ளாகி எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்த காலத்தில் ஆகும். அக்கடமைகள் பலவும் போற்றத்தக்கவையே என்றாலும், உரிமைகள் முடக்கப்பட்டிருந்த வேளையில் கடமையை வலியுறுத்தியது வருந்தத்தக்க வரலாறு.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை தந்தது, இடஒதுக்கீட்டைப் பொருளாகக் கொண்ட ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்த் திரைப்படம் தொடர்பாக 1989இல் வந்த தீர்ப்பு. படத்துக்கு அளிக்கப்பட்ட தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. படம் திரையிடப்பட்டால் கலவரம் மூளும் என்று மாநில அரசு அஞ்சியது. உச்ச நீதிமன்றமோ, வன்முறை மிரட்டலுக்குப் பணிந்து கருத்துரிமையை அடக்குவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதற்கு ஒப்பாகும் எனவும், அமைதி காத்து அவ்வுரிமையைப் பாதுகாப்பது அரசின் கடமை எனவும் கூறிச் சான்றிதழை மீட்டளித்தது. படத்தின் கருத்தை ஏற்காதவர் அதை மறுத்து எழுதலாம், பேசலாம், பார்க்காமலும் இருக்கலாம். ஆனால் அதன் பொருட்டுக் கல்லெடுப்பவர், அக்கல்லுக்குப் படம் எடுத்தவரைப் பொறுப்பாக்க முடியாது.