விளையாட்டுக் காயங்களும் இயன்மருத்துவத்தின் அவசியமும்

இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்கான காலம் வந்ததும் எமது பாடசாலை மைதானங்கள் உயிர்பெற்று விடுகின்றன. பரீட்சைகளுக்காக மாதக்கணக்கில் மேசையோடு முடங்கிக் கிடந்த மாணவர்கள், ஓரிரு வாரப் பயிற்சியுடன் நூறு மீற்றர் ஓட்டத்திலும் நீளம் பாய்தலிலும் இறக்கப்படுகின்றனர். அதன் விளைவை எல்லாப் பாடசாலைகளும் அறியும். ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு பாதியில் விழுகின்றார். இன்னொருவரின் கணுக்கால் பிரண்டு வீங்குகின்றது. நோவெண்ணெய் பூசப்படுகின்றது, துணி சுற்றப்படுகின்றது. சில தினங்களில் வலி குறைந்ததும் அம்மாணவர் மீண்டும் களத்தில் நிற்கின்றார். காயம் விதியாகவும், வலி நீங்குதல் குணமாகவும் கொள்ளப்படும் இந்த மனப்பாங்கு எத்தனையோ இளம் திறமைகளை அரும்பிலேயே கருக்கியிருக்கின்றது.

பிசியோதெரபி என்று பலரும் அறிந்துள்ள இயன்மருத்துவம் இவ்விடத்திலேயே முக்கியத்துவம் பெறுகின்றது. பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் முதியோருக்கும் உரிய சிகிச்சை என்றே எம்மில் பலர் இதனைக் கருதி வருகின்றனர். அது பாதி உண்மை மாத்திரமே. தசை, மூட்டு, என்பு, நரம்பு ஆகியவை எவ்வாறு ஒன்றிணைந்து இயங்குகின்றன என்பதை ஆராய்ந்து, பழுதுபட்ட இயக்கத்தைப் படிப்படியான பயிற்சியால் மீட்பதும், பழுது ஏற்படாமல் முன்கூட்டியே காப்பதும் இத்துறையின் பணிகளாகும்.

எமது நாட்டு விளையாட்டு வரலாற்றிலேயே இதற்குச் சிறந்த உதாரணம் உண்டு. முத்தையா முரளிதரன் 2004 ஆம் ஆண்டில் தோளில் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டபோது டெஸ்ட் போட்டிகளில் 532 விக்கெட்டுகளைக் கைப்பற்றியிருந்தார். 2010 இல் காலியில் அவர் விடைபெற்றபோது அந்த எண்ணிக்கை 800 ஆகியிருந்தது. அதாவது, 268 விக்கெட்டுகள் அந்தச் சத்திரசிகிச்சையின் பின்னர் வீழ்த்தப்பட்டவை. சத்திரசிகிச்சை கிழிந்ததைச் சீர்செய்யும். ஆனால் மாதக்கணக்கான மறுவாழ்வுப் பயிற்சி இன்றி, தோள் மீண்டும் பந்துவீசும் வலிமையைப் பெறுவதில்லை.

மறுவாழ்வு ஒருபுறமிருக்க, காயத்தை வராமல் தடுக்க முடியுமா என்ற வினாவிற்கும் விஞ்ஞானம் விடையளித்துள்ளது. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் மருத்துவ ஆய்வுப் பிரிவும் நோர்வே நாட்டு நிபுணர்களும் ஏனையோரும் இணைந்து 'பீபா 11 பிளஸ்' என்ற தயார்ப்படுத்தல் பயிற்சித் திட்டத்தை உருவாக்கினர். மென்னோட்டம், பின்னர் தசைவலிமை, சமநிலை மற்றும் பாய்ச்சற் பயிற்சிகள், இறுதியில் வேகவோட்டம் என மூன்று பகுதிகளைக் கொண்ட இதற்கு இருபது நிமிடங்களே தேவை. நோர்வேயில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,892 உதைபந்தாட்ட வீராங்கனைகளிடையே இத்திட்டம் பரீட்சிக்கப்பட்டு, முடிவுகள் 2008 இல் வெளியாகின. பயிற்சியை மேற்கொண்ட அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காலும், கடுமையான காயங்கள் ஏறத்தாழ அரைவாசியாலும் குறைந்து காணப்பட்டன. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. மைதானமும் ஒரு பந்தும் பொறுப்பாசிரியரின் அக்கறையும் போதுமானவை.

வேகமாக ஓடுவோரை அதிகம் வாட்டுவது தொடையின் பின்புறத் தசையில் ஏற்படும் கிழிவாகும். 2023 இல் லங்கா பிரீமியர் லீக் தொடரின்போது இத்தசையில் காயமுற்ற வனிந்து ஹசரங்க, ஆசியக் கிண்ணத்தையும் உலகக் கிண்ணத்தையும் இழக்க நேரிட்டது. முழந்தாளிட்டு நிற்பவரின் கணுக்கால்களை மற்றொருவர் அழுத்திப் பிடிக்க, உடலை நேராக வைத்தபடி மெல்ல மெல்ல முன்னோக்கிச் சாய்வது ஓர் எளிய பயிற்சியாகும். தசை நீளும்போதே பாரத்தைத் தாங்கப் பழகுவதால், இதனை உள்ளடக்கிய பயிற்சித் திட்டங்கள் இவ்வகைக் காயங்களைச் சுமார் அரைவாசியாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

காயம் ஏற்பட்டுவிட்டால் முதல் இரண்டு மூன்று தினங்கள் மிக முக்கியமானவை. சிதைந்த நுண் இரத்தக்குழாய்களில் கசிவு நீடிக்கும் அவ்வேளையில், சூடான எண்ணெயிட்டு அழுத்தித் தேய்ப்பது வீக்கத்தைப் பெருக்கும். காயமுற்ற பகுதிக்கு ஓய்வளித்து, மீள்தன்மையுள்ள துணியால் அளவாகச் சுற்றி, உயர்த்தி வைப்பதே பொருத்தமானது. வலியைத் தணிக்கத் துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைக்கலாம். எனினும் பனிக்கட்டியை மணிக்கணக்கில் வைப்பதும், வாரக்கணக்கில் அசையாது கிடப்பதும் குணமாதலைத் தாமதப்படுத்தும். ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தம், உயர்த்தல் என்ற விதியை 1978 இல் வகுத்த அமெரிக்க மருத்துவர் கேப் மேர்கினே, 2014 இல் ஓய்வும் பனிக்கட்டியும் பற்றிய தமது கருத்தை மாற்றிக்கொண்டார். காயமுற்றவரால் நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாவிடின், அல்லது கணுக்கால் என்பின் மேல் தொட்டதும் கடுமையாக வலித்தால், என்பு முறிவு உண்டா எனக் கண்டறிய உடனடியாக வைத்தியசாலையை நாடவேண்டும்.

வீக்கம் வடிந்த பின்னரே இயன்மருத்துவரின் பிரதான பணி தொடங்குகின்றது. கணுக்காலின் என்புகளைப் பிணைக்கும் இணையங்களில், பாதம் எந்த நிலையில் இருக்கின்றது என்பதை மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள் உள்ளன. சுளுக்கின்போது இவையும் பாதிக்கப்படுகின்றன. வலி மறைந்த பின்னரும் அந்த உணர்வு மந்தமாகவே இருப்பதால், சீரற்ற தரையில் அதே கால் மீண்டும் பிரளுகின்றது. ஒற்றைக் காலில் நிற்றல், பின்னர் கண்களை மூடி நிற்றல், பின்னர் பாய்ந்து தரித்தல் எனப் படிமுறையாகப் பயிற்றுவிப்பதன் மூலமே அந்த உணர்வை மீட்க முடியும்.

முழங்கால் மூட்டினுள்ளே குறுக்காக அமைந்துள்ள முன் இணையம் அறுந்துபோனால் பொறுமையின் அவசியம் பன்மடங்காகின்றது. இதற்கான சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவர்களை நோர்வேயில் அவதானித்து 2016 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஒன்பது மாதங்கள் வரை களம் திரும்புதலைப் பிற்போடும் ஒவ்வொரு மாதமும் மீண்டும் காயமடையும் வீதத்தைச் சுமார் அரைவாசியாகக் குறைக்கின்றது என்று கண்டறிந்தது. காலம் மாத்திரமன்றி, காயமுற்ற காலின் வலிமை மற்றைய காலுக்கு நிகராக மீண்டிருப்பதும் கருத்திற் கொள்ளப்பட வேண்டும். பருவமடைந்த பெண் பிள்ளைகள் இக்காயத்திற்கு ஆண்களைவிட அதிகம் இலக்காகின்றனர் என்பதை வலைப்பந்தாட்ட, உதைபந்தாட்டப் பயிற்றுநர்கள் மனதிற் கொள்ளவேண்டும்.

இவ்வளவும் அறியப்பட்டிருந்தும் எமது பிரதேசப் பாடசாலைகளை இந்த அறிவு போதியளவு எட்டவில்லை. கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்கள் இத்துறையில் பட்டதாரிகளை உருவாக்குகின்றன. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகள் உட்படப் பெரிய அரச வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவுகள் இலவசமாக இயங்குகின்றன. ஆயினும் நூறு கிலோமீற்றர் பயணித்து வாரத்தில் இரு தடவைகள் சிகிச்சைக்கு வருவதென்பது கூலித் தொழிலாளியின் அல்லது மீனவரின் பிள்ளைக்கு இலகுவானதன்று. பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை, பெண் இயன்மருத்துவர் இல்லாதவிடத்துத் தமிழ், முஸ்லிம் பெற்றோர் பலர் தயங்குவதும் யதார்த்தமே.

எனவே சில ஏற்பாடுகள் அவசியமாகின்றன. வலயக் கல்விப் பணிமனைகள் தமது பிரதேச வைத்தியசாலைகளுடன் இணைந்து, உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் தயார்ப்படுத்தல் பயிற்சியையும் முதலுதவியையும் கற்பிக்கும் செயலமர்வுகளை நடத்தலாம். போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்னரே பயிற்சி படிப்படியாக ஆரம்பிக்கப்பட வேண்டும். ஆதார வைத்தியசாலைகளில் இயன்மருத்துவர்களின், குறிப்பாகப் பெண்களின், எண்ணிக்கையை உயர்த்துவது சுகாதார அமைச்சின் பொறுப்பாகும். காயமுற்ற மாணவர் எப்போது களம் திரும்பலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் தகுதிவாய்ந்த இயன்மருத்துவரோ வைத்தியரோ ஆவார். கேடயத்தை எதிர்பார்த்திருக்கும் பாடசாலை அன்று.

பதினாறு வயதில் வெல்லும் ஒரு பதக்கத்திற்காக ஒரு பிள்ளை வாழ்நாள் முழுவதும் நொண்டி நடக்க நேருமாயின், அதை வெற்றி என்று எவரும் கூறமாட்டார்கள். பயிற்சிக்கு முன்னர் இருபது நிமிடங்களும், காயத்தின் பின்னர் சில மாதப் பொறுமையும் அத்தகைய இழப்பைப் பெருமளவு தவிர்க்கும். அதனை எமது பிள்ளைகளுக்கு வழங்க அதிபர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் இந்தப் பருவத்திலிருந்தே முன்வர வேண்டும்.