முகாந்திரம் உண்டு, விசாரணை இல்லை: ஒரு டெலிகாம் புகார் ஏறிய படிகள்

போட்டி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, புதிதாக வரும் நெட்வொர்க்குக்கு முட்டுக்கட்டை போடுகின்றன என்று ஒரு சந்தேகம். இந்தியாவில் அதை எப்படி விசாரிப்பார்கள்? 2016-ல் ஜியோவின் 4ஜி அறிமுகத்தின்போது ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மீது எழுந்த புகாரைப் பின்தொடர்ந்தால் வழியும் தெரியும், அதில் முடிச்சு விழும் இடமும் தெரியும்.

1. மறுக்கப்பட்டது என்ன?

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. 2ஜி, 3ஜி எதுவும் கிடையாது. குரல் அழைப்புகூட 4ஜி டேட்டாவாகத்தான் போகும். ஆனால் ஜியோ எண்ணிலிருந்து ஏர்டெல் எண்ணுக்கு அழைத்தால், இரண்டு நெட்வொர்க்கும் சேரும் இணைப்புப் புள்ளியை அந்த அழைப்பு கடந்தாக வேண்டும். துறையில் இதைப் பிஓஐ என்பார்கள். அங்குள்ள ஒரு இ-1 போர்ட்டில் ஒரே நேரத்தில் 30 அழைப்புகள் போகலாம். போர்ட் போதவில்லை என்றால் அடுத்த அழைப்பு விழாது.

நெரிசல் மிகுந்த நேரத்திலும் 1,000 அழைப்புகளில் 5-க்கு மேல் இப்படித் தவறக்கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. 100-க்கு 75-க்கு மேல் தவறுகின்றன என்றது ஜியோ. அழைத்தால் லைன் கிடைக்காத சிம்மை யார் வைத்துக்கொள்வார்கள்?

2. வேறு காரணம் இருக்க முடியுமா?

எதிர்த்தரப்பிடமும் பதில் இருந்தது. ஜியோ அழைப்பை இலவசமாக்கியதால் ஒரே பக்கமிருந்து அழைப்புகள் வந்து குவிகின்றன. அழைப்பை ஏற்பதற்கு அப்போது கிடைத்த நிமிடத்துக்கு 14 பைசா, ஆகும் செலவுக்கே கட்டவில்லை. தவிர, போர்ட் கொடுக்க ஒப்பந்தத்தில் 90 நாள் அவகாசம் இருக்கிறது என்றார்கள்.

இந்தக் கணக்கை மூவரும் தனித்தனியாகப் போட்டு ஒரே முடிவுக்கு வந்திருக்கலாம். அது குற்றமாகாது. போட்டிச் சட்டம் தேடுவது உடன்பாட்டை. அது எழுத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. மறைமுகப் புரிதலும், சேர்ந்து செயல்பட்டதும் போதும். இந்த விவகாரத்தில் செல்பேசி நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ, ஜியோவிலிருந்து வரும் இந்த அளவு அழைப்புகளை ஏற்க முடியாது என்று உறுப்பினர்கள் சார்பாக அரசுக்குக் கடிதம் எழுதியது. தனித்தனி முடிவு என்ற வாதம் இங்கேதான் தடுமாறியது. இத்தனைக்கும் ஜியோவும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர்.

3. முகாந்திரம்

இந்தியப் போட்டி ஆணையத்திடம் (சிசிஐ) யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டித் தகவல் கொடுக்கலாம். இந்த விவகாரத்தில் ஜியோ மட்டுமின்றித் தனிநபர்களும் கொடுத்தார்கள். இந்தக் கட்டத்தில் ஆணையம் பார்ப்பது முகாந்திரம் இருக்கிறதா என்பதை மட்டுமே. இருக்கிறது என்று சொல்லி, 2017 ஏப்ரல் 21 அன்று, சட்டத்தின் 26(1) பிரிவின்கீழ் விசாரணைக்கு உத்தரவிட்டது.

4. புலனாய்வு

அடுத்து கோப்பு ஆணையத்தின் டைரக்டர் ஜெனரலிடம் போகும். அவர் அதிகாரிகளைச் சம்மன் அனுப்பி அழைத்துப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்கலாம். மின்னஞ்சல்களையும் சங்கக் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்கலாம். மாஜிஸ்திரேட் அனுமதியோடு சோதனை போடலாம். போர்ட் தர மறுத்த தேதிகளையும் கடித வாசகங்களையும் அருகருகே வைத்தால், தற்செயல் எது, பேசிவைத்தது எது என்று ஓரளவு பிடிபடும். கூட்டணியில் இருந்த ஒருவர் முதலில் வந்து உண்மையைச் சொன்னால் அவருக்கு அபராதம் முழுவதுமே தள்ளுபடி ஆகலாம். மற்றவர்களுக்கு, கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தைப்போல் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை விதிக்கலாம்.

இந்த வழக்கு இந்தப் படியைத் தாண்டவே இல்லை.

5. நீதிமன்றம்

நிறுவனங்கள் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017 செப்டம்பர் 21 அன்று சிசிஐ உத்தரவு ரத்தானது. 2018 டிசம்பர் 5 அன்று, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு அந்த ரத்தை உறுதிசெய்தது. கூட்டுச்சதியை விசாரிக்கும் அதிகாரம் சிசிஐக்கு உண்டு. ஆனால் போர்ட் எத்தனை தர வேண்டும், எப்போது தர வேண்டும், தராதது விதிமீறலா என்பதை முதலில் டிராய் தீர்மானிக்கட்டும், அதன் பிறகு சிசிஐ வரட்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

6. டிராய்

டிராய் 2016 அக்டோபர் 21 அன்றே தன் முடிவைச் சொல்லியிருந்தது: தொலைத்தொடர்பு வட்டத்துக்கு 50 கோடி ரூபாய் வீதம் ஏர்டெலுக்கு 21, வோடஃபோனுக்கு 21, ஐடியாவுக்கு 19 வட்டங்களில் அபராதம், மொத்தம் 3,050 கோடி. ஆனால் அது வெறும் பரிந்துரை. முடிவெடுக்க வேண்டியது தொலைத்தொடர்புத் துறை. அந்த அபராதமும் உரிம நிபந்தனையையும் சேவைத் தரத்தையும் மீறியதற்கானது. மூவரும் பேசிவைத்தார்களா என்று தீர்ப்புச் சொல்வது டிராயின் வேலையில்லை.

ஆக, டெலிகாம் துறையில் இனி இப்படிப் புகார் கொண்டுபோகிறவர் முதலில் டிராயிடம் தொழில்நுட்பத் தவறை நிலைநாட்டியாக வேண்டும். அந்த முடிவு கைக்கு வந்த பிறகே சிசிஐயின் கதவு திறக்கும். வரிசையாகப் போவது நியாயமாகத்தான் தெரிகிறது. சந்தை அதுவரை காத்திருப்பதில்லை. உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன்பே, 2018 ஆகஸ்ட் 31 அன்று, வோடஃபோனும் ஐடியாவும் சட்டப்படி ஒரே நிறுவனமாகியிருந்தன. பேசிவைத்தார்களா என்ற கேள்வியை யாரும் விசாரித்து முடிப்பதற்குள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய மூவரில் இருவர் ஒருவராகிவிட்டார்கள்.