2 வயசாகியும் பேச்சு வரலையா? ‘அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’னு விட்டுடாதீங்க!

பழவேற்காடு சுற்றுவட்டார மீனவ கிராமங்களில் அப்பா விடியும் முன்பே படகு ஏறிவிடுவார். அம்மா மீன் கூடையுடன் கிளம்பிவிடுவார். பிள்ளை பாட்டியிடம் வளரும். ‘இன்னும் பேசலையே’ என்று யாராவது கேட்டால், ‘இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்று சொல்லி முடித்து விடுவார்கள்.

அங்கேதான் ஆபத்து. பேச்சு வராததற்கு காது கேளாமை காரணமாக இருக்கலாம். ஆட்டிசமாகவும் இருக்கலாம். பரிசோதித்தால்தான் தெரியும்.

எதை கவனிக்கணும்?

2 மாதத்தில் முகம் பார்த்து சிரிக்கணும். 9 மாதத்தில் பேர் சொல்லி கூப்பிட்டால் திரும்பணும். ஒன்றரை வயதில் தானாக நடக்கணும், வேண்டியதை விரல் நீட்டி காட்டணும். 2 வயதில் ‘அம்மா வா’ என்று இரண்டு வார்த்தை சேர்த்து பேசணும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால் உடனே டாக்டரிடம் காட்டணும்.

காசு வேண்டாம்

2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டப்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு 2 முறை அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளை பரிசோதிக்கணும். குறை தெரிந்தால் மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி எல்லாம் இலவசம்.

குழு வரும் தேதியை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வையுங்கள். அன்றைக்கு பிள்ளையை வீட்டிலேயே வைத்துவிட்டால், அடுத்த முறைக்கு 6 மாதம் ஆகிவிடும். மூளை வேகமாக வளரும் முதல் 3 வருடத்தில் அந்த 6 மாதம் ரொம்ப பெருசு. சந்தேகம் வந்தால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு தூக்கிக்கொண்டு போங்கள்.